தேர் தூக்கியவரின் ரத்தப் பரிசோதனை

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் கிளம்பும். புத்தி சாவகாசமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு பின்னால் வரும். இது என் வீட்டுக்காரருக்குக் கல்யாணமான மறுவாரமே தெரிந்துவிட்டது. குரும்பலூரில் நான் வேலை பார்க்கும் அங்கன்வாடி வாண்டுகளுக்கும் தெரியும். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தால் அத்தனையும் பாயில் கப்சிப்பென்று உட்கார்ந்துவிடும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்தேன். அந்தக் கதையில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் ஆள் என் வீட்டுக்காரர். ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கண்ட்ரோல் ரூமில் வேலை. எட்டு மணி நேரம் ஏசியில் உட்கார்ந்து ஸ்க்ரீனைப் பார்க்க வேண்டும். சிமெண்ட் ஆலையில் வேலை என்றால் மூட்டை தூக்குகிறார் என்று என் சொந்தக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் தூக்குவதெல்லாம் டீ டம்ளர்தான்.

முன்னே குடிப்பார். கொஞ்சமாக ஆரம்பித்து, பிறகு கொஞ்சம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. நான்கு வருடத்துக்கு முன் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போனவர், கேக்கோடு வாசற்படியில் விழுந்தார். பிள்ளையின் தோழிகள் ஆறேழு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு நான் கத்தவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரும்பாவூரில் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், அப்புறம் திரும்ப மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் மகளின் தலையில் கை வைத்து, "இனிமே தொட மாட்டேன்" என்றார். அதற்கப்புறம் தொடவில்லை. நான்கு வருடமும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். தினமும் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அவர் நடையைப் பார்ப்பேன். அவருக்கும் நான் பார்ப்பது தெரியும்.

எங்கள் ஊர் அம்மனுக்குத் தூக்குத்தேர். சக்கரம் கிடையாது. நீளமான இரண்டு மரங்களைத் தோளில் வைத்து ஆட்கள்தான் தூக்கிப் போக வேண்டும். வீட்டுக்கு ஒரு தோள் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். எங்கள் வீட்டுத் தோள் எப்போதும் என் கொழுந்தனுடையது. அவர் செங்கல் சூளையில் வளர்ந்த உடம்புக்காரர். போன வருடம் அவர் குவைத்துக்குப் போய்விட்டதால் இந்த வருடம் என் வீட்டுக்காரர் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தாறு வயதில் முதல் தடவை.

காப்புக் கட்டியவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒருவேளைச் சோறு. தேரன்று தோளில் ஏற்றினால் நிலைக்கு வந்து இறக்கும்வரை தண்ணீர் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: கனமாக இருக்கிறது, வலிக்கிறது என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. தேர் இறங்கி எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கும்வரை அந்தச் சொல் விலக்கு. அம்மனைச் சுமை என்று சொன்னதாக ஆகிவிடுமாம். ஊரில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும் எனக்கு அந்த வாரம் அது நினைப்பில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தேர். சித்திரை வெயில், ஏழு தெரு. சாயங்காலம் தேர் நிலைக்கு வந்ததும் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவர், மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படியில் இறங்கும்போது கால் தள்ளாடியது. சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்தார். என்ன செய்கிறது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அசதி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரைப் பிடிக்கிற கை, சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகு, எல்லாமே எனக்குப் பழக்கமானவை. தேரை இறக்கியதும் தோள் கொடுத்தவர்களில் சில பேர் காப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது ஊரறிந்த ரகசியம். இவர் காப்பு கையில்தான் இருந்தது. கழற்றித் திரும்பக் கட்ட எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை ஆலையில் வருடாந்திர மருத்துவ முகாம். பெரம்பலூர் லேப் ஒன்றிலிருந்து வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்போர்ட் அவர் போனுக்கு வந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் திறந்து பார்த்தேன்.

இரண்டு வரி தடித்த எழுத்தில் இருந்தன. எஸ்ஜிஓடி, நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, நானூற்றுப் பன்னிரண்டு. எஸ்ஜிபிடி நூற்று நாற்பது. மேலே கல்லீரல் பரிசோதனை என்று தலைப்பு. என் போனை எடுத்துத் தேடினேன். கல்லீரல் கெட்டால் இந்த நொதிகள் ரத்தத்தில் ஏறும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, முதல் எண் இரண்டாவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் குடி காரணமாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. 'இருக்கலாம்' என்ற சொல் என் கண்ணில் படவே இல்லை. குளியலறையிலிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தவர் கையில் போனைக் கொடுத்தேன். முதல் நாள் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்த சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்ததையும் பார்த்திருந்தேன். அதையும் சேர்த்துக் கேட்டேன். கேட்டேன் என்றா சொல்வது? பொரிந்து தள்ளினேன்.

"நான் குடிக்கல" என்றார்.

"அப்ப இந்தப் பேப்பர் பொய் சொல்லுதா? தேர் எறக்கிட்டு எங்க போனீங்க? தள்ளாடிக்கிட்டு நடக்கிறதை நான் பாக்கலேன்னு நெனைச்சீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். திரும்ப மூடிக்கொண்டார். "நான் குடிக்கல. அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும்" என்றார். எனக்கு அந்த 'இப்ப' இன்னும் எரிச்சலை மூட்டியது. மகள் எதிரிலேயே பீரோவைத் திறந்து, என் சேலை நாலு, பிள்ளையின் யூனிஃபார்ம், புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அழுதாள். நாளைக்குக் காலையில் பஸ் என்று சொல்லிவிட்டுப் பையைப் பீரோ மேல் ஏற்றி வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் நேரே அரும்பாவூர் போயிருப்பேன். ஆனால் அங்கே இருக்கும் என் அண்ணன் இவருக்குத்தான் வக்காலத்து வாங்குவான். அவன் வாயை அடைக்கக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாள் வேண்டும் என்று தோன்றியது. பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். இப்படித்தான் இந்தக் கதையின் இரண்டாவது ஆளிடம் போய்ச் சேர்ந்தேன்.

ரிப்போர்ட் அனுப்பியது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு சின்ன லேப். அதை நடத்துபவர் லெப்பைக்குடிக்காட்டுப் பெண். என்னைவிட ஆறேழு வயது குறைவு இருக்கும். கணவர் துபாயில். தலையில் கட்டிய துணிக்கு மேல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு ரத்தக் குழாயில் ஒட்டிய பெயரை வாய்விட்டுப் படித்து, எதிரில் இருந்த தாளையும் படித்து, திரும்பக் குழாயைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் காத்திருந்தும் அந்த மூன்றாவது தடவையை அவர் விடவில்லை. நான் போனைக் காட்டி, இதை முத்திரையோடு பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள் என்றேன்.

"இவரு உங்களுக்கு யாரு அக்கா?"

"வீட்டுக்காரரு. குடிச்சுட்டுக் குடிக்கலைன்னு சாதிக்கிறாரு. பேப்பரோட பேசிக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "இதுல குடிச்சாருன்னு எந்த வரியில போட்டிருக்கு? கொஞ்சம் காட்டுங்க, நானும் படிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்று ஆனது. எஸ்ஜிஓடி வரியில் விரலை வைத்தேன்.

"அது நம்பர். இந்த நம்பரை நம்பாம ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புனேன். நம்பர் சரி. நீங்க சொல்றது அதுல இல்ல." எனக்கு ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். "நேத்தே ஆலைக்குப் போன் போட்டு, இவரு டாக்டரைப் பாக்கணும்னு சொல்லியிருக்கேன். சொன்னாங்களா?"

"தெரியல."

"நான் டாக்டர் இல்ல. அதனால ஒண்ணு கேக்கிறேன், பதில் மட்டும் சொல்லுங்க. நான்தான் அவருக்கு ரத்தம் எடுத்தேன். வலது கையை மேசை மேல தூக்கி வைக்க முடியாம, இடது கையால எடுத்து வெச்சாரு. சட்டை ஓரத்துல தோள் கன்னிப்போயி வீங்கித் தெரிஞ்சுது. என்னாச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னுட்டாரு. சமீபத்துல ஏதாச்சும் கனமாத் தூக்குனாரா?"

நூற்றுக்கு மேற்பட்ட பேருக்கு அன்று ஊசி குத்தியிருக்கிறார். ஒரு ஆள் கையை எப்படி வைத்தார் என்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நான் நாலு நாள் ஒரே வீட்டில் இருந்தேன். எனக்கு அவர் தள்ளாடியதுதான் தெரிந்தது, தோள் தெரியவில்லை.

"தேர் தூக்குனாரு" என்றேன்.

"பழக்கம் உண்டா?"

"இல்ல. உக்காந்து பாக்கிற வேலை."

"யூரின் எப்படிப் போகுது?"

சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் பதறவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். "அக்கா, இந்த எஸ்ஜிஓடி ஈரல்ல மட்டும் இல்ல. சதையிலயும் இருக்கு. எஸ்ஜிபிடியும் கொஞ்சம் இருக்கு. தெருவுல ஹாரன் சத்தம் கேட்டா மீன்காரர்னு நெனைச்சுப் பாத்திரத்தைத் தூக்கிட்டு ஓடுறோம். ஐஸ்காரரும் அதே ஹாரன்தான் வெச்சிருக்காரு. எட்டிப் பாத்தாத்தான் யாருன்னு தெரியும். சதை அளவுக்கு மீறி அடிபட்டாலும் இது ரத்தத்துல கொட்டும். ஈரல் கெட்டிருந்தா ஏறக்கூடிய மத்த வரியெல்லாம் பாருங்க. மஞ்சக்காமாலைக்குப் பாக்கிற பிலிருபின் சரியா இருக்கு. குடிக்கிறவங்களுக்கு அனேகமா ஏறும் ஜிஜிடி, அதுவும் சரியா இருக்கு. இதை வெச்சு மட்டும் அடிச்சுச் சொல்ல முடியாது. சதைக்குன்னு தனி டெஸ்ட் இருக்கு, சிபிகேன்னு. அவரு ரத்தம் மிச்சம் ஃபிரிட்ஜ்ல இருக்கு. எங்க லேப் டாக்டர்கிட்டக் கேட்டுட்டுப் போடுறேன்."

முகாம் ரத்தம்தானே, வேலை முடிந்ததும் கொட்டிவிடக் கூடாதா? தடித்த எழுத்து விழுந்த ரத்தத்தை ஒரு வாரம் எடுத்து வைப்பாராம். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு, சுற்றி வளைக்காமல் நாலு வாக்கியத்தில் சொல்லி, சரி என்று வாங்கிக்கொண்டு மெஷினிடம் போனார். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காத்திருந்த மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார். ஒவ்வொரு குழாயையும் மூன்று தடவை படித்தார். அந்த ஒரு மணி நேரம் அவரைப் பார்த்துக்கொண்டேதான் என்னைப் பிடித்து வைத்திருந்தேன்.

ரிசல்ட் வந்தது. இருநூறுக்குள் இருக்க வேண்டியது ஆயிரக்கணக்கில் இருந்தது. திரும்ப ஒரு தடவை ஓட்டினார். அதே எண்தான் வந்தது. டாக்டருக்குத் திரும்பப் போன் போட்டுச் சொன்னார்.

"சதைதான் அக்கா. சதை இப்படி நொறுங்கிச்சுன்னா அந்தக் கழிவெல்லாம் கிட்னிக்குப் போகும். அந்தக் காப்பி கலர் அதுதான். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் சொல்லிட்டாரு. வலி மாத்திரை எதுவும் போட விட்டுடாதீங்க. தண்ணி குடிச்சுக்கிட்டே வரட்டும்." படி வரை வந்தார். "அல்லா காப்பாத்துவான். சண்டையைப் பொறவு வெச்சுக்கலாம், போங்க."

முத்திரை போட்ட தாளைக் கையில் கொடுத்தார். நான் கேட்டு வந்த தாள்தான். அதில் கீழே ஒரு வரி கூடியிருந்தது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். நான் பஸ்ஸுக்குக் கூப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்துப் பிள்ளை மூலையில் ஒடுங்கி நின்றாள். கிட்டே போய் அவர் சட்டையைத் தூக்கினேன். வலது தோள் நாவல்பழ நிறத்தில் கன்றி, ஒரு கை அகலத்துக்கு வீங்கியிருந்தது. நாலு நாளாகப் பனியனோடு சட்டையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறார். சித்திரை மாதத்தில் ஒருத்தர் சட்டையோடு தூங்குகிறாரே என்று நான் ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "எங்க வலிக்குது?" என்று கேட்டார். இவர் பேசாமல் இருந்தார். திரும்பக் கேட்டார். இவர் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது. முந்தைய நாள் வாயைத் திறந்து மூடியது, அந்த 'இப்ப', எல்லாம். குடிக்க மாட்டேன் என்ற வாக்கை இந்த மனுஷர் காப்பாற்றியிருப்பாரா என்று நான் சந்தேகப்பட்டு நின்றேன். வலி என்று சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவர் அந்தச் சந்தேகத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையில் துணி திணிக்கும்போதுகூட, வலிக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன். அவர் சொல்லவில்லை.

"அவரு சொல்ல மாட்டாரு சார், காப்புக் கட்டியிருக்காரு" என்றேன். "நான் சொல்றேன். தோள் வலிக்குது, முதுகு வலிக்குது, தொடை ரெண்டும் வலிக்குது. செவ்வாய்க்கிழமையிலேருந்து வலிக்குது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்குக் காப்பு இல்லை, நான் அழலாம்.

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. என்னைப் பார்த்துக் கேட்டு, அவர் தலையசைப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மூன்று நாள் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏறியது. சிறுநீரின் நிறத்தை ஒவ்வொரு தடவையும் நான்தான் பார்த்துச் சொன்னேன். கடுங்காப்பி டீயானது, டீ எலுமிச்சைத் தண்ணீரானது. கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று தெரியாது என்றார்கள். ஈரலை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. பிறகு வாரா வாரம் அந்த இரண்டு நொதிகளையும் பார்த்தோம். எஸ்ஜிஓடி சட்டென்று இறங்கியது, எஸ்ஜிபிடி ஆடி அசைந்து இறங்கியது. சதையிலிருந்து வந்தால் அப்படித்தானாம். ஒவ்வொரு தடவையும் அந்த மாடி லேபுக்குத்தான் போனேன். போகும்போதெல்லாம் அவர் குழாயை மூன்று தடவை படிப்பதைப் பார்ப்பேன். இப்போது அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடையைக் குறிக்கும்போது நானும் மூன்று தடவை படிக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். வரும் வழியிலேயே கோயிலில் ஆட்டோவை நிறுத்தி, பூசாரியிடம் காப்பை அவிழ்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லலாம்ல?"

"சொல்லுங்க."

"உசுரே போயிடுச்சு. ரெண்டாவது தெரு திரும்புறப்பவே தோள் கழண்டு விழுந்துடும்னு நெனைச்சேன்."

எட்டு நாள் அடக்கி வைத்ததை ஒரு கால் மணி நேரம் சொன்னார். எந்தத் தெருவில் எந்த இடத்தில் வலித்தது, படுத்தால் எப்படி, எழுந்தால் எப்படி என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் விளக்கெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து தோளில் தடவினேன். தடவிக்கொண்டே, கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் பேசுனது?"

அவர் பீரோ மேல் பார்த்தார். "தேரை அன்னிக்குச் சாயங்காலமே எறக்கி வெச்சுட்டோம்" என்றார். "அந்தப் பைதான் இன்னும் அப்படியே இருக்கு."

பை அங்கேயேதான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். மாற்றுத்துணி எடுக்க வந்தபோதெல்லாம் அதைப் பார்த்தேன். அதைப் பிரிப்பதைப் பிள்ளை பார்த்துவிடுவாளே என்று வெட்கப்பட்டு விட்டுவைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவர் அதையேதான் நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறிப் பையை இறக்கினேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவர் இடது கையால் வாங்கி, மடித்துப் பீரோவில் அடுக்கினார். பிள்ளையின் யூனிஃபார்ம் மேல்தட்டில் இருக்க வேண்டியது. அவருக்கு அவ்வளவு உயரம் கை எழும்பவில்லை.

"வலிக்குது, நீ வை" என்றார். வாங்கி வைத்தேன்.